மீன் வாடை அடித்த அறை: ஊட்டி காட்டேஜ், ஹோம்ஸ்டே உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காட்டேஜ், லாட்ஜ், ஹோம்ஸ்டே உரிமையாளர்களுக்கு,

வணக்கம். ஊட்டியில் இருபத்தெட்டு வருடமாக வயர்மேன் வேலை பார்க்கிறவன் எழுதுகிறேன். உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். சிலருக்கு நான் பாக்கி பில்லோடு சேர்ந்து ஞாபகத்துக்கு வருவேன். இந்த மடல் அந்தப் பாக்கியைப் பற்றி இல்லை. நீங்கள் கெஸ்டுக்குக் கொடுக்கிற ரூம் ஹீட்டரையும் அதை மாட்டுகிற சாக்கெட்டையும் பற்றி.

போன பொங்கல் விடுமுறையில் ஒருநாள் இரவு பதினொன்றரைக்கு எனக்கு போன் வந்தது. ஒரு காட்டேஜின் ரூம் பாய். எந்தக் காட்டேஜ் என்று சொல்ல மாட்டேன். உரிமையாளர் இதைப் படித்தால் அவருக்கே தெரியும். "அண்ணே, ரூம்ல மீன் நாத்தம் வருதுன்னு கெஸ்ட் சண்டை போடுறாங்க. டேபிள் லேம்ப் வேற விட்டு விட்டு எரியுதாம். வந்து பாக்குறீங்களா?" என்றான். தங்கியிருந்தது சைவக் குடும்பம். கீழே சமையலறையில் எதையோ வறுத்து அந்த வாடையை மேலே அனுப்புகிறார்கள் என்று அவர்களுக்குக் கோபம். அன்றைக்கு அந்தச் சமையலறையில் மீனே வாங்கவில்லை. பையன் பாவம், ரூம் ஸ்பிரேயை அரை டப்பா அடித்துப் பார்த்திருக்கிறான்.

மீன் வாடை, விளக்கு மினுக்கு, ஜனவரி மாதம். இந்த மூன்றும் சேர்ந்து காதில் விழுந்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. "முதல்ல அந்த ரூம் மெயினை இறக்கு, ஹீட்டர் பக்கம் போகாதே, அவங்களை வெளியே கூப்பிடு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாக்கெட், பிளக் செய்யும் சில வகைப் பிளாஸ்டிக்குகள் அளவுக்கு மீறிச் சூடானால் கருகிய வாடை உடனே வராது. முதலில் வருவது கெட்டுப்போன மீன் வாடைதான். கருகல் வாடை அதற்கப்புறம். அதற்கும் அப்புறம் புகை. அந்தக் குடும்பம் சண்டை போட்டது நல்லதாகப் போயிற்று. மூக்கை மூடிக்கொண்டு தூங்கியிருந்தால் நான் இந்த மடலை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

போய்ப் பார்த்தேன். பழைய பங்களாவைத் தடுத்துப் போட்ட அறை, சுவரில் இடுப்பு உயரத்துக்கு மரப்பலகை. கட்டில் பக்கத்தில் மர பாக்ஸ், மேலே சன்மைக்கா, அதில் ஒரு ஸ்விட்ச், ஒரு 5 ஆம்ப் சாக்கெட். அந்தச் சாக்கெட்டில் ஒரு கன்வர்ஷன் பிளக், அதாவது பெரிய பிளக்கைச் சின்னச் சாக்கெட்டில் மாட்ட வைக்கிற இடைத்துண்டு. அதன் மேல் 2000 வாட் ஆயில் ஹீட்டரின் (உள்ளே அடைத்த எண்ணெயைக் கரண்டில் சூடாக்கும் வகை) பெரிய பிளக். மெயின் இறங்கியிருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு இழுத்தேன். வரவில்லை. பின் சாக்கெட்டுக்குள் உருகி ஒட்டியிருந்தது. ஸ்குரூவைக் கழற்றி பாக்ஸையே பெயர்த்து எடுத்தபோது உள்ளே மரம் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது, உள்ளங்கை அகலத்துக்கு. வயரின் மேல் உறை பாகு மாதிரி வழிந்து காய்ந்திருந்தது.

பொருள் நஷ்டம் என்று பார்த்தால் ஒரு போர்டு. ஆனால் அந்த போர்டைப் பார்த்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். ஏனென்றால் அதைப் போட்டது நான்தான். 2006-இல்.

அப்போது உரிமையாளர் சொன்னது, "டிவிக்கும் டேபிள் லேம்புக்கும் ஒரு பாயிண்ட் போதும்பா." சரி என்று 1 சதுர மில்லிமீட்டர் வயரை இழுத்து லைட் லைனில் சேர்த்துவிட்டேன். அது தப்பான வேலை இல்லை, டிவிக்கும் லேம்புக்கும் அது தாராளம். அன்றைக்கு ஊட்டியில் ஹீட்டர் வாடகைக்கு விடுகிற வழக்கம் இந்த அளவுக்கு இல்லை. கெஸ்டுக்குக் குளிரினால் இன்னொரு கம்பளி கொடுப்பார்கள், வசதியான இடத்தில் கணப்பில் கற்பூர மரக்கட்டையைப் போட்டு மூட்டுவார்கள். இன்றைக்கு அதே சாக்கெட்டில் 2000 வாட்டைத் தொங்கவிடுகிறோம். ராத்திரிக்கு 300, 500 என்று தனியாக வாங்குகிறோம். நடுவில் யாரும் அந்தச் சுவருக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. வருடத்துக்கு நாலு தடவை அந்த இடத்துக்கு பல்பு மாற்றவும் கீசர் பார்க்கவும் போயிருக்கிறேன்.

இதைச் சொன்னால் உங்களில் பாதிப் பேர் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். "எம்.சி.பி. போட்டிருக்கோம்ல, ஓவர் லோடானா தானே விழுந்துடும்." எம்.சி.பி. என்பது லைனில் கரண்ட் அளவு மீறினால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கிற ஸ்விட்ச். அன்றைக்கு ராத்திரி அந்த உரிமையாளரும் இதைத்தான் கேட்டார். அவர் வீட்டு எம்.சி.பி. நல்ல கம்பெனி, நல்ல நிலையில்தான் இருந்தது. ஆனால் விழவில்லை. விழாதது அதன் குற்றமும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் இழுப்பது சுமார் 8.7 ஆம்ப். அந்த லைனில் இருந்தது 10 ஆம்ப் எம்.சி.பி. அதைப் பொறுத்தவரை 8.7 என்பது வாடிக்கையான வேலை, விடிய விடிய ஓடினாலும் அசையாது. சூடு வந்தது லைனில் இல்லை, சாக்கெட்டுக்குள் பின்னும் பித்தளைத் தகடும் தொடுகிற அந்தக் கடுகளவு இடத்தில். புதுச் சாக்கெட்டில் தகடு பின்னை இறுக்கிப் பிடிக்கும். வருடக்கணக்கில் சொருகி, பிடுங்கி, சூடாகி, ஆறினால் பிடி தளரும். நம் ஊர் மூடுபனியில் பித்தளை சும்மா இருக்குமா? பூஜைச் சாமானில் பிடிக்கிற அதே களிம்பு இதிலும் பிடிக்கும். பிடி தளர்ந்து, மேலே களிம்பும் ஏறினால் அந்த இடத்தில் மின்சாரம் கஷ்டப்பட்டுத்தான் கடக்கும். கடக்கிற கஷ்டம் சூடாக வெளியே வரும்.

அந்தத் தடை வெறும் அரை ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8.7 ஆம்ப் அதைக் கடக்கும்போது கிட்டத்தட்ட 38 வாட் சூடு அந்த ஒரே இடத்தில் பிறக்கும். ரேடியோ ரிப்பேர் செய்கிறவர் ஈயத்தை உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிடப் பெரிய ஒன்றைச் சூடாக்கி, மர பாக்ஸுக்குள் வைத்து மூடி, பக்கத்தில் கட்டிலைப் போட்டு, கெஸ்டுக்கு குட் நைட் சொல்லிவிட்டு வருகிறோம். ஹீட்டருக்குப் போய்ச் சேர வேண்டிய வோல்டேஜில் இதனால் குறைவது நாலு வோல்ட் சொச்சம். ஹீட்டர் ஜோராக வேலை செய்யும். யாருக்கும் சந்தேகம் வராது.

சூடு ஏற ஏறத் தகடு இன்னும் தளரும், தளரத் தளரச் சூடு ஏறும். பின்னால் வயரை இறுக்கிய ஸ்குரூவிலும் இதே கதைதான். இ.எல்.சி.பி. போட்டிருந்தாலும் காப்பாற்றாது. கரண்ட் வேறு வழியில் கசிந்தால்தான் அது விழும். இங்கே கசிவு எதுவும் இல்லை, போகிற வழியிலேயே போகிறது. மரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல ராத்திரி சூடு பட்டுப் பட்டுக் கரியாகிப்போன மரம், புது மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலியே" என்று சொல்கிற போர்டுதான் எனக்கு அதிக பயம்.

இரண்டு வகைச் சாக்கெட் ஏன் இருக்கிறது என்று என்றாவது யோசித்திருக்கிறீர்களா? இந்தியத் தரம் ஐ.எஸ். 1293-இன்படி வீட்டுச் சாக்கெட் 6 ஆம்ப் ஒன்று, 16 ஆம்ப் ஒன்று. நம் வாயில் இன்னும் 5 ஆம்ப், 15 ஆம்ப் என்றுதான் வரும், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன். பெரியதின் பின் தடியாக இருப்பது அழகுக்கு இல்லை. அது சின்ன ஓட்டையில் நுழையவே கூடாது என்பதற்காக அப்படிச் செய்தார்கள். ஹீட்டர் கம்பெனிக்காரன் தடிப் பிளக் மாட்டி அனுப்புகிறான். நாம் மார்க்கெட்டில் போய் அம்பது, நூறு ரூபாய்க்கு ஒரு கன்வர்ஷன் பிளக் வாங்கி, அந்த ஒரே காவலையும் தாண்டிக் குதித்துவிடுகிறோம். சில காட்டேஜில் ஹீட்டரோடு அதையும் சேர்த்தே ரூம் பாய் கையில் கொடுத்துவிடுகிறார்கள், டீக்குச் சர்க்கரை மாதிரி.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இதைவிட மோசம். பெரும்பாலும் 6 ஆம்ப், உள்ளே நூல் மாதிரி வயர். கட்டிலுக்கு எதிர்ப்புறம் ஹீட்டர் வேண்டும் என்று கெஸ்ட் கேட்டால், அதைச் சுருட்டிக் கார்பெட்டுக்கு அடியில் விட்டுக் கொண்டுபோகிறார்கள். அதன் சூடு எங்கே போகும் சொல்லுங்கள். அதே பாக்ஸில் கெட்டில் வேறு. கெட்டில் ஒன்றே 1500 வாட் இருக்கும்.

"எங்க ரூம்ல பவர் பிளக் இருக்கு" என்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பல இடத்தில் அந்தப் பவர் பிளக்கும் பாத்ரூம் கீசரும் ஒரே வயரில் லூப் அடித்திருக்கும். காலையில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே குளிக்கக் கீசரைப் போடுவார்கள். இரண்டும் 2000 வாட் என்றால் மொத்தம் 17.4 ஆம்ப். 16 ஆம்ப் எம்.சி.பி. விழும் என்றுதானே நினைக்கிறீர்கள்? விழாது. தன் அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போனால் உடனே விழக் கூடாது என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள். 13 சதவீதம் கூடுதல் வரை ஒரு மணி நேரம் தாங்க வேண்டும் என்பது தரத்திலேயே இருக்கிறது. 17.4 அதற்குள் அடங்கிவிடும். வயரும் ஜாயிண்டும் சூட்டில் கிடக்க, எம்.சி.பி. பேசாமல் இருக்கும். எம்.சி.பி.யாவது பரவாயில்லை. சில பழைய லாட்ஜில் இன்னும் பீங்கான் ஃபியூஸ் கட்டை இருக்கிறது. சீசன் நேரத்தில் அடிக்கடி போகிறதே என்று யாரோ நாலு இழைக் கம்பியை முறுக்கிக் கட்டியிருப்பார்கள். அதைக் கழற்றிக் காட்டினால், "அதை ஏம்ப்பா நோண்டுற, நல்லாத்தானே ஓடுது" என்பார்கள்.

குளிர்கால சாயங்காலத்தில் நம் மலையில் லோ வோல்டேஜ் உங்களுக்குப் பழக்கம். அதனால் ஹீட்டர் சாக்கெட்டுக்கு நேரடி ஆபத்து கூடாது, கரண்ட் குறையத்தான் செய்யும். ஆனால் 190 வோல்ட்டில் 2000 வாட் ஹீட்டர் கொடுப்பது 1365 வாட்தான், மூன்றில் ஒரு பங்கு சூடு காணாமல் போய்விடும். கெஸ்ட் என்ன செய்வார்? "ஹீட்டர் சரியில்ல, இன்னொண்ணு கொடுங்க" என்பார். கொடுப்பீர்கள், அதே போர்டில். ஆயில் ஹீட்டரில் தெர்மோஸ்டாட் இருக்கிறது, அறை சூடானதும் தானே நிற்கும் என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். அறை சூடானால் நிற்கும். கதவுக்கு அடியில் விரல் நுழைகிற இடைவெளி, மேலே தகரமோ ஓடோ, பனி இறங்குகிற ராத்திரி. ஊட்டிக்குப் பக்கத்தில் தலைக்குந்தாவில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும்போது நம் அறைகள் எப்போது சூடாவது, தெர்மோஸ்டாட் எப்போது நிற்பது? சாயங்காலம் ஏழு மணிக்குப் போட்டது காலை ஏழு வரை மூச்சு விடாமல் ஓடுகிறது. கீசர் அரை மணி ஓடி நிற்கும், இஸ்திரிப் பெட்டி பத்து நிமிஷம். பன்னிரண்டு மணி நேரம் விடாமல் ஒரு சாக்கெட்டைப் போட்டு வதைப்பது ஹீட்டர் ஒன்றுதான்.

எல்லா ஹீட்டரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சிவப்பாக எரிகிற இரண்டு குழாய் குவார்ட்ஸ் ஹீட்டர், 800 வாட், மூன்றரை ஆம்ப்தான் இழுக்கும். நல்ல 6 ஆம்ப் சாக்கெட் அதைத் தாங்கும். அதன் தொல்லை வேறு: கம்பளி நுனி பட்டாலும், ஈர சாக்ஸைக் காய வைத்தாலும் பற்றிக்கொள்ளும், குழந்தை இருக்கிற அறைக்கு ஆகாது. ஆயில் ஹீட்டர் அந்த விஷயத்தில் சாது, ஆனால் பெரிய சைஸ் 2500, 2900 வாட் வரை போகும். 2900 என்றால் 12.6 ஆம்ப். அதை லைட் பாயிண்டில் மாட்டுவது கழுதை மேல் லாரி லோடை ஏற்றுகிற கதை. பெட்டியைப் பாருங்கள், வாட் எழுதியிருக்கும். வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்ப் வந்துவிடும், இதற்கு வயர்மேன் தேவையில்லை.

அப்படியானால் ஹீட்டரே வேண்டாம், கொடுப்பதை நிறுத்திவிடலாமா? அந்த உரிமையாளர் மறுநாள் அப்படித்தான் சொன்னார். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்கு நம் குளிர் தெரியாது. மதுரையில் முப்பது டிகிரியில் வண்டி ஏறி, சாயங்காலம் இங்கே இறங்கும்போது கையில் ஒரு மெல்லிய ஸ்வெட்டர் இருக்கும், அதுவும் பெண்களுக்கு மட்டும். ஹீட்டர் கிடைக்கவில்லை என்றால், வெளியே பார்பெக்யூ போட்ட கரி அடுப்பை அறைக்குள் தூக்கி வந்து கதவைச் சாத்துவார்கள். அப்படித் தூங்கினவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி ஊட்டிப் பக்கமும் வந்திருக்கிறது, கொடைக்கானல் பக்கமும் வந்திருக்கிறது. நீங்களும் படித்திருப்பீர்கள். கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மீன் வாடை கூடக் கிடையாது. சண்டை போட்டு எழுப்ப ஒன்றும் இருக்காது. ஆகையால் ஹீட்டர் வேண்டும். அதைத் தாங்குகிற பாயிண்டும் வேண்டும்.

தீயைவிட எனக்குப் புகைதான் பயம். 2022 ஜனவரி 9-ஆம் தேதி நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 19 மாடிக் குடியிருப்பு ஒன்றில் ஒரு வீட்டு ஹீட்டரிலிருந்து தீப்பிடித்தது. நாள் கணக்கில் ஓடிக்கொண்டிருந்த ஹீட்டர் அது. தீ அந்த வீட்டையும் வெளி நடையையும் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை. ஆனால் 17 பேர் இறந்தார்கள், அவர்களில் 8 பேர் குழந்தைகள். எல்லாரையும் கொன்றது புகை. ஆட்கள் வெளியே ஓடியபோது தானாகச் சாத்திக்கொள்ள வேண்டிய கதவு சாத்திக்கொள்ளவில்லை, மாடிப்படி வழியாகப் புகை மேலே ஏறிவிட்டது. எத்தனை தீயணைப்பு வண்டி வைத்திருக்கிற ஊர் அது! நமக்கு ஒரு வண்டி குறுகலான மேட்டுச் சந்தில் ஏறி வந்து திரும்புவதற்குள் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதோடு நம் காட்டேஜ்களில் கரடிக்கும் குரங்குக்கும் பயந்து ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கிரில் அடித்திருக்கிறோம். வெளியே வர வாசல் ஒன்றுதான். நான் பெயர்த்த அந்த போர்டு இருந்த இடம், கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில்.

இனி நான் உங்களிடம் கேட்பது.

ஹீட்டர் கொடுக்கிற ஒவ்வொரு அறைக்கும் டி.பி. பாக்ஸிலிருந்து (எம்.சி.பி.க்களெல்லாம் இருக்கிற பெட்டி) நேராக ஒரு தனி லைன் இழுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தூரம் அதிகமென்றால் 4. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்று சுருளைப் பார்த்து வாங்குங்கள். அதற்கென்று தனி 16 ஆம்ப் எம்.சி.பி., முனையில் ஒரே ஒரு 16 ஆம்ப் சாக்கெட், எர்த்தோடு. அந்த லைனில் கீசரும் வேண்டாம், கெட்டிலும் வேண்டாம். சாக்கெட்டை மரப்பலகையில் பதிக்காமல் மெட்டல் பாக்ஸ் வைத்துச் சுவரில் பதியுங்கள். இடம் வாசலுக்கு எதிர்ப்புறமாகவும், கட்டிலிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் மூன்று அடியாவது தள்ளியும் இருக்கட்டும். ஹீட்டரை வேறெங்கும் மாட்ட முடியாதபடி கன்வர்ஷன் பிளக், எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துக் குப்பையில் போடுங்கள். ஸ்டோர் ரூமில் வைத்தால் பொங்கல் கூட்டத்தில் மறுபடி கைக்கு வந்துவிடும்.

செலவு? ஒரு சாக்கெட்டும் ஸ்விட்சும் நீங்கள் வாங்குகிற ஒரு ராத்திரி ஹீட்டர் வாடகைக்குள் முடிந்துவிடும். வயர், எம்.சி.பி., கூலி எல்லாம் சேர்த்தால் பத்துப் பதினைந்து ராத்திரி வாடகை. டிசம்பரும் ஜனவரியும் முடிவதற்குள் கைக்கு வந்துவிடும். பெரிய செலவு வேறு இடத்தில் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆறு அறை, ஆறு ஹீட்டர், ஆறு கீசர் என்றால் 24 கிலோவாட். உங்கள் கரண்ட் கனெக்‌ஷன் எத்தனை கிலோவாட்டுக்கு வாங்கியது என்று கார்டை எடுத்துப் பாருங்கள். வீடாக இருந்தபோது வாங்கியதை வைத்தே ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் இங்கே நிறைய. லோடு கூட்ட எழுதிக் கொடுத்தால் டெபாசிட், ஃபிக்சட் சார்ஜ் என்று பணம் கேட்பார்கள் என்பதால் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. அந்தச் செலவு இப்போது முடியாதென்றால், ஆறு ஹீட்டருக்குப் பதில் மூன்று வையுங்கள். தனி லைன் உள்ள மூன்று அறைக்கு மட்டும் கொடுங்கள். குழந்தைகளோடும் வயதானவர்களோடும் வருகிறவர்களுக்கு அந்த அறைகளை ஒதுக்குங்கள். மற்றவர்களுக்கு இன்னொரு ரஜாயும் ஒரு ஹாட் வாட்டர் பையும் போதும்.

உங்கள் ரூம் பாய்களுக்கு ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுங்கள். ஹீட்டரை மாட்டிவிட்டு வந்து ஒரு மணி நேரம் கழித்து, கெஸ்ட் தூங்குவதற்கு முன்னால், மறுபடி கதவைத் தட்டட்டும். ஹீட்டரின் ஸ்விட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பார்க்கட்டும். இளஞ்சூடு என்றால் சரி. கை வைத்து எடுக்க வேண்டிய சூடு என்றால் அந்தச் சாக்கெட் அன்றைக்கே ஓய்வு பெற்றுவிட்டது, ஹீட்டரை எடுத்துவிட வேண்டும். ஓட்டையைச் சுற்றிப் பழுப்புக் கறை, சொருகினால் லொடலொடவென்று ஆடுவது, சரசரவென்று சத்தம், மீன் வாடை, எல்லாம் ஒரே சேதிதான். ஒரு நண்பர் கொரோனா காலத்தில் வாங்கிய, நெற்றியில் காட்டிக் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கியால் சாக்கெட்டைச் சோதிக்கலாமா என்று கேட்டார். அது உடம்புச் சூட்டைக் காட்டத்தான், இதற்கு உதவாது. விரலே போதும்.

ஒவ்வொரு அறையிலும் பேட்டரியில் ஓடுகிற ஒரு ஸ்மோக் அலாரம் மாட்டுங்கள். கணப்பு உள்ள அறையில் சும்மா கத்தும் என்று கழற்றிப் போடுகிறார்கள். கணப்பு உள்ள அறைக்கு ஹீட்டர் எதற்கு?

என்னோடு தொழில் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "ஓனர் சொன்னார், போட்டேன்" என்று நாம் சொல்லிக்கொள்வதை நானும் நிறுத்தப்போகிறேன். புதுக் காட்டேஜுக்கு வேலை எடுக்கும்போது, "அறையில ஹீட்டர் வரும்" என்று வைத்துக்கொண்டே பாயிண்ட் போடுவோம். உரிமையாளர் செலவைக் குறைக்கச் சொன்னால் சீலிங்கில் நாலு ஃபேன்சி லைட்டைக் குறைக்கலாம். பழைய இடத்துக்கு பல்பு மாற்றப் போனாலும், கட்டில் பக்கத்து போர்டைக் கழற்றி ஸ்குரூவை ஒரு திருகு திருகிவிட்டு வருவோம். ஐந்து நிமிஷ வேலை. அதற்கு நான் காசு கேட்கப்போவதில்லை, நீங்கள் கேட்டால் உங்கள் இஷ்டம்.

அக்டோபர் விடுமுறைக் கூட்டம் ஊர் திரும்பினதும், உறைபனி ஆரம்பிக்கிறதுக்கு முன்னால், நமக்கு மூன்று நாலு வாரம் கிடைக்கும். வேலைக்கு அதுதான் நேரம். உங்கள் சங்கக் கூட்டத்தில் ரூம் ரேட், பார்க்கிங், இ-பாஸ் எல்லாம் பேசுகிறீர்கள். இந்தத் தடவை இதற்கும் ஒரு அரை மணி ஒதுக்குங்கள். பேச எனக்கு வராது. ஆனால் கூப்பிட்டால் வருகிறேன். அன்றைக்குப் பெயர்த்த அந்த போர்டை நான் எறியவில்லை, என் டூல் பையிலேயே இருக்கிறது. கன்வர்ஷன் பிளக் இன்னும் அதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேஜை மேல் வைக்கிறேன், உங்களில் யாராவது பிடுங்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஊட்டி வயர்மேன் ஒருவன்